தலைமாட்டில் ஒரு ஸ்டூல்: அவசர சிசேரியனில் கணவர் உடனிருந்த ஒரு பிரசவம்

அவசர சிசேரியன் முடிந்த தாய்மார்களிடம் சில வாரம் கழித்து, "அன்றைக்கு நடந்ததில் என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கத்தி, ரத்தம், தையல் எல்லாம் பேச்சில் அதிகம் வராது. குழந்தையை வெளியே எடுத்ததற்கும் அது அழுததற்கும் நடுவில் இருந்த நேரம்தான் வரும். அது முக்கால் நிமிடமாக இருந்திருக்கும். அவர்கள் கால் மணி நேரம் என்பார்கள். அந்த நேரத்தில் தாயின் கண்ணுக்கு முன்னால் ஒரு துணித்திரை மட்டும்தான் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் மனசு தானாகவே ஒரு பதிலைச் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பதில் எப்போதும் மோசமானதாகத்தான் இருக்கிறது.

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் நான் செவிலியர். இங்கே எழுதுவது கணவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்த ஒரு பிரசவத்தைப் பற்றி. எழுதுவதற்கு அந்தத் தாயும் கணவரும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவரை உள்ளே விடலாமா கூடாதா என்ற கேள்வியோடு நம் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உள்ளே வந்தவருக்கு என்ன வேலை, அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பவர்கள் குறைவு. தாயின் அனுபவம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் மாறுகிறது என்பதை இந்தப் பிரசவம் எனக்குக் காட்டியது.

பின்னணி

தாய்க்கு இருபதுகளின் நடு வயது. தலைப்பிரசவம். பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பம். கணவர் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். பிரசவத் தேதி மே மாத நடுவில் இருந்தது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அவர் கரையில் இருந்தார்.

கடற்கரைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு இது சாதாரண விவரமாகத் தெரியலாம். இங்கே அது அப்படி இல்லை. மற்ற மாதங்களில் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு வாரத்தில் 3 நாள் படகு போகும். காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. நடுக்கடலில் போன் எடுக்காது. மனைவிக்கு வலி எடுத்த செய்தியும் பிள்ளை பிறந்த செய்தியும் பாம்பன் பாலத்துப் பக்கம் வந்த பிறகு ஒன்றாகக் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். கீழக்கரைப் பக்கம் வந்தால் கடலுக்குப் பதில் வளைகுடா நாட்டு வேலை. பிரசவத்தின்போது கணவர் கூட இருப்பது என்பது இந்தக் கரையில் ஆஸ்பத்திரி விதியைப் பொறுத்தது மட்டும் இல்லை.

வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள்தான் துணை. ஆண்கள் வராந்தாவில் நிற்பார்கள். கையெழுத்துக்கும் ரத்தத்துக்கும் மருந்துச் சீட்டுக்கும் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் ஒரு துணையை அனுமதிக்கும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. அந்தத் துணை பெண் உறவினர். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெண் துணையைத்தான் முதலில் சொல்கிறது. தாய்மார்களுக்குத் தனித்தனி மறைவு இருக்கும் இடத்தில் கணவரையும் விடலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இன்னும் ஒரு படி போய், யார் துணை என்பதைத் தாயே முடிவு செய்யட்டும் என்றது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் பிரசவ அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆபரேஷன் என்று முடிவானதும் துணைக்கு வந்தவர் தியேட்டர் கதவோடு நின்றுவிடுவார். தாய்க்கு யாராவது பக்கத்தில் வேண்டும் என்று அதிகம் தோன்றும் நேரமும் அதுதான்.

அன்று நடந்தது

39 வாரம் முடிந்திருந்தது. ராத்திரி வீட்டிலேயே பனிக்குடம் உடைந்தது. 108-ல் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார்கள். (பாம்பனுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988-ல். அதற்கு முன் தீவில் வலி எடுத்தவர்கள் ரயிலை எதிர்பார்த்து இருந்ததை எங்கள் வார்டுக்கு வரும் பாட்டிமார்கள் இன்றும் சொல்வார்கள்.) வந்தபோது கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்திருந்தது, குழந்தையின் இதயத்துடிப்பு 140. அம்மா பக்கத்தில் இருந்து இடுப்பை நீவிவிட்டார். கணவர் வெளியே.

விடியற்காலையில் 7 சென்டிமீட்டர். அப்போது கசிந்த நீர் பச்சையாக, கெட்டியாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது. அடுத்த வலியில் துடிப்பு 80-க்கு இறங்கி, வலி போன பிறகும் ஏறவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், வலியைத் தூண்ட ஓடிய டிரிப்பை நிறுத்தினோம், வேறு திரவம் வேகமாக ஏற்றினோம். 105 வரை வந்தது. மறுபடி இறங்கியது. டாக்டர் சிசேரியன் என்று முடிவு செய்தார். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும் இப்படிப்பட்ட நிலையில் முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்பது பிரிட்டன் வகுத்த அளவுகோல். பல நாடுகளில் அதைத்தான் கணக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

டாக்டர் முதலில் பேசியது தாயிடம். "பாப்பாவோட நாடி குறையுதும்மா. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துரணும். முதுகுல ஊசி போடுவோம். வலி தெரியாது, முழிச்சுத்தான் இருப்ப. சரியா?" அவ்வளவுதான், பத்து விநாடி ஆகியிருக்கும். பிறகு பல வாரம் கழித்தும் இந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்: "எங்கிட்டத்தான் மொதல்ல கேட்டாக."

பெரும்பாலான இடங்களில் சம்மதப் படிவம் நேராக வராந்தாவுக்குப் போகும். கணவர், மாமனார், அண்ணன் என்று யார் கையில் பேனா கிடைக்கிறதோ அவர் போடுவார். உள்ளே படுத்திருக்கும் பெண்ணுக்கு விஷயம் கடைசியாகத் தெரியும், அதுவும் ஸ்டிரெச்சரில் ஏற்றும்போது. நினைவோடு இருக்கும் வயது வந்த ஒரு பெண்ணின் உடம்பில் அறுவை செய்ய அவளுடைய சம்மதம்தான் வேண்டும், அவளுக்காக வேறொருவர் சம்மதம் கொடுத்தால் போதாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவசரத்தில் நேரம் இல்லை என்ற பதிலை நான் ஏற்பதில்லை. ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டே சொல்லிவிடலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தத் தாய் கேட்டார்: "அவுக உள்ள வரலாமா?"

டாக்டர் மயக்க மருத்துவரைப் பார்த்தார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊசி போட்டுத் திரை கட்டுனதும் வரட்டும். முழு மயக்கம் கொடுக்கிற மாதிரி ஆனா உடனே வெளிய போயிரணும், அத இப்பவே சொல்லிருங்க" என்றார். இந்த நிபந்தனை முக்கியம். முழு மயக்கத்தில் தாய்க்குத் துணை தெரியப் போவதில்லை. மூச்சுக்குழாய் வைக்கும் நேரத்தில் தலைமாட்டில் கூடுதலாக ஓர் ஆள் நிற்கவும் கூடாது. போகச் சொன்னால் போக வேண்டும் என்று முன்பே தெரிந்துவிட்டால் கதவருகே தகராறு வராது.

கணவர் கவுனும் தொப்பியும் மாட்டிக்கொண்டிருந்தபோது நான் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன். மற்ற வார்டுகளில் இருப்பவர்களுக்கு உதவலாம். "தலைமாட்டுல ஸ்டூல் இருக்கும் அண்ணே, அதுலதான் உக்காரணும், எந்திரிக்கக் கூடாது. பச்சைத் துணி எதையும் தொடக் கூடாது. தல சுத்துனா வெக்கப்படாம உடனே சொல்லுங்க. பிள்ளை வந்ததும் அழலன்னா பதறாதீங்க, ஓரத்துல குழந்தை டாக்டர் பார்த்துக்குவாக. நீங்க அவங்க முகத்தப் பார்த்துப் பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேச?" என்று கேட்டார்.

"நீங்க பாக்குறதச் சொல்லுங்க. அவங்களுக்குத் திரை மறைக்கும். உங்களுக்குப் பிள்ளையத் துடைக்கிற மேசை தெரியும்."

தியேட்டருக்குள்

முதுகு ஊசி போட்ட சில நிமிடத்தில் தாய்க்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஊசி மருந்தால் நடுக்கம் வருவது சகஜம், பயத்தால் இல்லை. ஆனால் பயத்தில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரத்த அழுத்தம் இறங்கிக் குமட்டலும் வந்தது. மருந்து கொடுத்ததும் சரியானது. நெஞ்சுவரை மரத்திருக்கிறதா என்று குளிர்ந்த பஞ்சால் தொட்டுப் பார்த்தார்கள். திரை கட்டியதும் கணவரைக் கூப்பிட்டோம். முகமூடியில் அவரைத் தாய்க்கு அடையாளம் தெரியவில்லை. "ஏ புள்ள, நாந்தான்" என்றதும்தான் கண்ணைத் திறந்தார்.

தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி மட்டும் தெரியாது என்று நாங்கள் எல்லாரிடமும் சொல்கிறோம். கேட்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று புரிவதில்லை. இவர் பிறகு சொன்னது என் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது: "கரவலைய இழுக்கிற மாதிரி இழுத்தாக சிஸ்டர். வலை நாந்தான். ஆனா நோகல."

முடிவெடுத்து 27-வது நிமிடத்தில் குழந்தை வெளியே வந்தது. பெண் குழந்தை. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. அழவில்லை, துவண்டிருந்தது. சூடு கொடுக்கும் மேசைக்கு எடுத்துப் போய்த் துடைத்து, முதுகைத் தேய்த்து, தலையைச் சரியாக வைத்து, மூச்சு வராததால் முகமூடி வைத்துப் பையால் காற்றுக் கொடுத்தார்கள். மலம் கலந்த நீர் என்றாலே தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சும் பழைய வழக்கம் இப்போது கிடையாது. மூச்சு வராத குழந்தைக்குக் காற்றுத் தாமதமாகக் கூடாது என்பதுதான் முதல் விதி.

கணவர் வாயடைத்துப் போனார். அவர் கண் மேசையில், மனைவியின் கண் அவர் முகத்தில். நான் தோளைத் தொட்டு, "சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"பொம்பளப் பிள்ளை புள்ள... துடைக்கிறாக... மூக்குல மூடி வச்சுக் காத்து கொடுக்கிறாக..." தொண்டை அடைத்தது. "டாக்டரு நிதானமாத்தான் இருக்காக... கால இழுக்குது. ஆமா, கால இழுக்குது. இப்ப கையும்."

அப்புறம் அழுகை. பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் முதல் நிமிடம் 5, ஐந்தாம் நிமிடம் 9. எடை 2.8 கிலோ. தையல் போடும்போதே குழந்தையைக் கொண்டுவந்து தாயின் கன்னத்தோடு வைத்தோம்.

தாய் சொன்னது

மூன்றாம் நாள் பேசியபோது அவருக்கு அந்தக் காலை துண்டு துண்டாகத்தான் நினைவில் இருந்தது. வார்டிலிருந்து தியேட்டருக்கு எப்படி வந்தார் என்பதே இல்லை. ஆனால் குழந்தை அழாத நேரத்தை வரிசையாகச் சொன்னார்: துடைத்தார்கள், காற்றுக் கொடுத்தார்கள், காலை இழுத்தது, கையை ஆட்டியது. அவர் எதையும் பார்க்கவில்லை. கணவர் சொன்னதை வைத்து அந்த நேரத்தைத் தனதாக்கிக்கொண்டிருந்தார். "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுச்சு" என்றார்.

இதற்கு நேர் எதிராக எனக்குத் தெரிந்த இன்னொரு தாய் உண்டு. அவருக்கும் இதே போன்ற சிசேரியன், குழந்தைக்கும் இதே போலக் கொஞ்சம் காற்றுத் தேவைப்பட்டது, ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால் மேசை பக்கத்து அறையில் இருந்தது, கணவர் வராந்தாவில் நின்றார். தையல் முடியும்வரை தாயிடம் யாரும் பேசவில்லை. குழந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பல மாதம் ராத்திரி எழுந்து அதன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கிட்ட ஏதோ மறைக்கிறாக" என்ற எண்ணம் போகவே இல்லை. மருத்துவக் குறிப்பில் இரண்டு பிரசவமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குழந்தைக்கு மூச்சு வரவில்லை என்பதைத் தாய் காதில் விழும்படி சொல்லலாமா என்று சக செவிலியர் சிலர் என்னிடம் கோபப்பட்டார்கள். வயிறு திறந்திருக்கும்போது தாய் பதறினால் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் வாயை மூடிக்கொண்டால் தாய் பதறாமல் இருப்பதில்லை. தனியாகப் பதறுகிறார். பொய் சொல்லவும் வேண்டாம், "எல்லாம் நல்லா இருக்கு" என்று உறுதி கொடுக்கவும் வேண்டாம். கண் முன்னால் நடப்பதை நடக்கிற வரிசையில் சொன்னால் போதும். அதைச் செய்யக் கை வேலை எதுவும் இல்லாத ஒருவர் வேண்டும். அந்த அறையில் அப்படி இருப்பவர் கணவர் ஒருவர்தான்.

ஆராய்ச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் தொடர்ந்து ஒருவர் துணை இருப்பது பற்றி 2017-ல் வந்த, பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாக வைத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 26 ஆய்வுகளில் இருந்து 15,858 பெண்களின் விவரங்களைச் சேர்த்தது. துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவு, வலி எடுக்கும் நேரம் கொஞ்சம் குறைவு, பிரசவத்தைக் கசப்பாக நினைப்பதும் குறைவு. ஆனால் அது வலி எடுக்கும் நேரத்துத் துணையைப் பற்றியது. அவசர சிசேரியனில் உடனிருப்பதற்கு அந்த எண்களை அப்படியே தூக்கிப் போடக் கூடாது. தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தாய்மார்கள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பேச்சு

நான் எதிர்பார்க்காத ஒரு விளைவு வீட்டில் தெரிந்தது. குழந்தை பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி, "நார்மலா, ஆபரேஷனா?" ஆபரேஷன் என்றதும் முகம் மாறும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வலி தாங்கத் தெம்பு இல்ல" என்று ஒரு வார்த்தை விழும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதாவது கேட்கிறவர் வீட்டிலும் ஒன்று நடந்திருக்கும். இருந்தாலும் கேட்கிறார்கள். (இந்த எண்ணிக்கை இவ்வளவு இருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. தேவை இல்லாமல் செய்யும் சிசேரியனும் உண்டு. இந்தத் தாயுடையது அந்த வகை இல்லை.)

வழக்கமாக இந்தக் கேள்விக்குத் தாய் தலையைக் குனிந்துகொள்வார். இந்த வீட்டில் பதில் சொன்னது கணவர். மாமியார் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் ஆரம்பித்தபோது, "ராத்திரி பூரா வலி எடுத்தா பெரியம்மா. பிள்ளை நாடி இறங்கிருச்சு. நான் உள்ளதான் இருந்தேன்" என்றாராம். அதோடு பேச்சு நின்றது. இதைச் சொல்லும்போதுதான் அந்தத் தாய் அழுதார், தியேட்டரைப் பற்றிப் பேசும்போதுகூட இல்லை. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போகும் என்பதால் கணவரே பால்சுறா தேடி வாங்கிவந்து புட்டு செய்யச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

கணவர் சொன்னது

6 வாரம் கழித்துத் தையல் பார்க்க வந்தபோது கணவரிடம் தனியாகக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவ கேக்கணும்னு டாக்டரு நிதானமா இருக்காகன்னு சொன்னேன். எனக்குப் பிள்ளை போயிருச்சுன்னுதான் தோணுச்சு" என்றார். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. குழந்தை அசையாமல் தூங்கினால் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறார். ஜூன் 15-ல் படகு கிளம்பியபோது போக மனமில்லாமல் முதல் நடையை விட்டுவிட்டார். அன்றைய கூலி போனது.

மனைவியின் பயத்தை அவர் ஏற்றுக்கொண்டார், அவருடையதை ஏற்க யாரும் இல்லை. பிரசவம் முடிந்த தாயிடம் நாங்கள் தூக்கம், பால், ரத்தப்போக்கு, மனநிலை எல்லாம் கேட்கிறோம். தியேட்டருக்குள் உட்கார வைத்த ஆணிடம் ஒரு கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அன்றைக்குக் குழந்தை டாக்டரைக் கூப்பிட்டு அவரோடு உட்கார வைத்தேன். குழந்தைக்கு என்ன செய்தார்கள், எத்தனை பேருக்கு இப்படிக் கொஞ்சம் காற்றுத் தேவைப்படும், 5-ம் நிமிடம் 9 மதிப்பெண் என்றால் என்ன என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அதை மூன்றாம் நாளே சொல்லியிருக்கலாம். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

இப்போது செய்வது

எல்லாக் கணவரையும் உள்ளே விடச் சொல்லி நான் எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு, அம்மாதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. கீழக்கரையில் இருந்து வந்த ஒருவர், துபாயில் இருக்கும் மச்சானை (கணவரை) போனில் வைத்திருக்கச் சொன்னார். தியேட்டருக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்பதால் குரலை மட்டும் காதருகே வைத்தோம். பக்கத்தில் நின்று அவருக்கு நடப்பதைச் சொன்னது அவருடைய லாத்தா (அக்கா).

எங்கள் வார்டில் 8-ம் மாதப் பரிசோதனையில் தாயிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கிறோம்: அவசரமாக ஆபரேஷன் என்று ஆனால் தலைமாட்டில் யார் இருக்க வேண்டும்? அட்டையில் அந்தப் பெயரையும், அவர் கடலிலோ வெளிநாட்டிலோ இருந்தால் இரண்டாவது பெயரையும் எழுதுகிறோம். வருகிறவரிடம் சொல்ல வேண்டியதை ஒரு பக்கமாக எழுதித் தியேட்டர் கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முன் இருவரையும் உட்கார வைத்துக் குழந்தை டாக்டர் ஒரு முறை பேசுகிறார். பகலில் இது நடக்கிறது. ராத்திரி ஷிப்டில் தியேட்டருக்கு ஒரே ஒரு செவிலியர்தான். கருவிகளையும் எடுத்துக் கொடுத்து, உள்ளே வருகிறவருக்கும் சொல்லிக்கொடுக்க அவரால் முடியாது. அந்த ஷிப்டுக்கு இன்னோர் ஆள் கேட்டிருக்கிறோம். அதுவரை ராத்திரியில் யாரை உள்ளே விடுவது என்பதை அன்றன்று டியூட்டியில் இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.